கடைசித் தவணையின் வட்டி

எங்கள் தையல்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணக்கில் புலி என்று யாரோ ஒரு நாள் ஆரம்பித்தார்கள். போகப்போகக் கணக்கு உதிர்ந்து புலி மட்டும் நின்றுவிட்டது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டை முந்நூற்று நாற்பது, இன்னின்ன அளவு என்று முதலாளி வாயைத் திறந்தால், அவர் மூடுவதற்குள் எத்தனை மீட்டர் துணி என்று சொல்லிவிடுவேன். இருபது வருடம் கட்டிங் மேசைக்குப் பின்னால் நின்றவளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி? தலைக்கனம் கொஞ்சம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்வதுதான் சரி.

நான் சொல்ல வந்தது ஒரு தப்புக் கணக்கைப் பற்றி. போட்டவள் நான். நம்பினவர் என் அண்ணி.

அண்ணன் இறந்த வருடம் அண்ணியை நான்தான் இந்தக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். சட்டையில் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவர் வேலை. அடுத்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே வங்கிக்குப் போய், மாதாமாதம் பணம் கட்டும் சேமிப்புக் கணக்கு ஆளுக்கொன்று தொடங்கினோம். அவருக்கு மாதம் மூவாயிரம், எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. அறுபது மாதம் கட்ட வேண்டும். வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி, அதை மாதாமாதம் கணக்கிட்டு முதலோடு சேர்ப்பார்கள், அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி.

அன்றைக்கே அண்ணி கேட்டார், கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்று. வங்கியிலேயே கேட்டிருக்கலாம். பக்கத்தில் புலி இருக்கும்போது வங்கி எதற்கு? கூடத்துக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். மூவாயிரத்தை அறுபதால் பெருக்கினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாத வட்டி நூற்றுக்கு முக்கால். ஆக 1.0075-ஆல் அறுபது தடவை பெருக்க வேண்டும். பொத்தானை அழுத்த அழுத்த, எண்ணிக்கை தவறக் கூடாது என்று மேசைமேல் சாக்பீஸால் ஒவ்வொரு கோடாகப் போட்டேன். அறுபதாவது கோட்டில் 2,81,822 வந்தது. அண்ணி தன் பட்டன் டப்பா மூடியின் உள்பக்கம் அதை மார்க்கர் பேனாவால் எழுதச் சொன்னார். எழுதினேன், அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

ஐந்து வருடமாக அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் முதலில் படுவது என் கையெழுத்துதான். நடுவில் இரண்டு முறை, வீட்டில் முடையாகி, கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். இரண்டு முறையும் நான் அந்த மூடியைத் தட்டிக் காட்டினேன். அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணையைக் கட்டினார்.

கணக்கு முடிய இரண்டு மாதம் இருந்தபோது முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனிமேல் காஜா, பட்டன் வேலையெல்லாம் வெளியே ஒப்பந்தத்துக்குப் போகும், சொந்தமாக மிஷின் வைத்திருப்பவருக்குத் தருவேன் என்றார். அண்ணியிடம் மிஷின் இருந்தால் அண்ணிக்கே தருவாராம். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து வரும் ஒன்றாம் தேதி முதல் வேறு ஆள், அண்ணிக்கு வேலை இல்லை. பழைய மிஷின் விற்பவர் ஒருவர் காஜா மிஷின், பட்டன் மிஷின் இரண்டையும் சேர்த்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார். அண்ணி காஜா மிஷினை மட்டும் வாங்கப் பார்த்தார். அதுபோதும், பட்டனைக் கையாலேயே தைத்துக்கொள்கிறேன் என்றார். கேட்டேனா நான்? மூடியில் இருக்கிற தொகை மறந்துபோச்சா, இரண்டையும் வாங்குங்கள் என்று அடித்துப் பேசினேன். காதில் கிடந்ததை விற்று முப்பதாயிரம் முன்பணம் கொடுத்தார். மீதி இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைக் கணக்கு முடிகிற நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும், தவறினால் முன்பணமும் போச்சு, மிஷினும் போச்சு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கணக்கு முடிவதற்கு முந்தின நாள் காலை பத்து மணி இருக்கும். இஸ்திரிக்காரர் வங்கியில் கொடுத்த ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதில் அவருக்குச் சேமிக்கும் ஆசை வந்திருந்தது. மாதம் இரண்டாயிரம் கட்டினால் ஐந்து வருடத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டார். துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் என்றேன். அவர் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றரை லட்சத்துச் சொச்சம்தானே வருகிறது என்று இழுத்தார். அச்சுப் பிழையாக இருக்கும், வங்கிக்காரன் என்றைக்கு நமக்குக் கூட்டிப் போட்டான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். தாள் மேசைமேலேயே கிடந்தது.

அது ஏன் அங்கே கிடந்தது, நான் ஏன் அதைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். மாதம் நூறு கட்டினால் அறுபது மாதத்தில் 7,599 என்று அதில் அச்சிட்டிருந்தது. என் கணக்குப்படி 9,394 வர வேண்டும். வங்கிக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற துடிப்பில்தான் கால்குலேட்டரை எடுத்தேன். முதல் மாதம் அண்ணி கட்டிய மூவாயிரம் அறுபது மாதம் வங்கியில் கிடந்தது, அதற்கு வட்டி 1,697. சரி. கடைசியாகப் போன மாதம் கட்டிய மூவாயிரம்?

அது ஒரே ஒரு மாதம்தான் வங்கியில் கிடந்தது. வட்டி இருபத்திரண்டரை. நானோ அதற்கும் ஐந்து வருட வட்டி போட்டு வைத்திருந்தேன்.

எப்படி இந்தத் தப்பைச் செய்தேன் என்பதுகூட அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எங்கள் தொழிலில் துணி ரோலைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு சுருங்கும் என்று வெட்டுவதற்கு முன்னாலேயே பார்ப்போம். நூறு மீட்டரும் ஒன்றாய் நனைகிறது, ஒன்றாய்ச் சுருங்குகிறது. மொத்த நீளத்தை எடுத்துக்கொண்டு ஒரே போடாகப் பெருக்கினால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தையும் முதல் நாளே தொட்டியில் போட்டு ஊறவைத்தவள் மாதிரி பெருக்கியிருக்கிறேன். அண்ணியோ மாதாமாதம் ஒரு முழமாகப் போட்டிருக்கிறார். கடைசி முழம் சரியாக நனையக்கூட இல்லை.

மாதிரி வெட்டும் பழுப்புத் தாளில் அறுபது வரி எழுதி ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக வட்டி போட்டேன். கூட்டிப் பார்த்தால் 2,27,969. இன்னொரு தடவை கூட்டினேன். எத்தனை தடவை கூட்டினால் என்ன? மிஷின்காரருக்குக் கொடுக்க வேண்டியதில் ஐம்பத்து இரண்டாயிரத்து முப்பத்தொன்று குறைந்தது. நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி காது நகை விற்றுக் கொடுத்த முன்பணமும் போய்விடும், வேலையும் போய்விடும். இரண்டும் என்னால்.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துகூடப் போனேன். பட்டன் டப்பா திறந்திருந்தது, மூடியில் அந்த எண்ணும் இரண்டு கோடும் தெரிந்தன. தாகமாக இருந்தது என்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மதியம்வரை வாயே திறக்கவில்லை. புலி பதுங்குது, எங்கேயோ பாயப்போகுது என்று இஸ்திரிக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தாளைக் கசக்கி என் பைக்குள் திணித்துவிட்டேன், வேறு யாரும் பார்க்கக் கூடாதே.

தேநீர் இடைவேளையில் அண்ணியே என் மேசைக்கு வந்தார். கையில் நீளமாக ஒரு பொட்டலம். பிரித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே கத்தரிக்கோல், பத்து அங்குலம், கனமான நல்ல எஃகு. கடைத்தெருவில் போகும்போதெல்லாம் நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடுவேனே, அதே கத்தரிக்கோல்.

"மிஷினுக்குக் கொடுத்தது போக ஆயிரத்து எண்ணூத்தி இருபத்திரண்டு மிச்சம் வருதில்ல. அதுல வாங்கினேன். கடைக்காரர்கிட்ட நாளைக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணி. "நீ இல்லேன்னா நான் என்னைக்கோ அந்தக் கணக்கை முடிச்சுத் தின்னு தீர்த்திருப்பேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மண்டைக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. என் கணக்கும் நாளைக்குத்தான் முடிகிறது. அதிலும் நான் நினைத்த தொகை வராது, ஆனாலும் 1,13,984 வரும். அதிலிருந்து ஐம்பத்து இரண்டாயிரத்தை அண்ணியின் பணத்தோடு சேர்த்துவிட்டால் ஊருக்கும் தெரியாது, உறவுக்கும் தெரியாது. பணம் கைக்கு வரும் நேரத்தில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். அண்ணிக்காகத்தான் இப்படி யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். புலி என்று கூப்பிடுகிற வாய்களுக்கு என் முகத்தை எப்படிக் காட்டுவது என்ற பயம்தான் மறு பாதி.

என் பணம் எங்கள் வீட்டுக் கூரைக்காக வைத்தது. மழை பெய்தால் ஆறு இடத்தில் ஒழுகும், ஆறு பாத்திரம் வைப்போம். அன்றைக்கும் பெய்தது. கூரை இன்னும் ஒரு வருடம் பொறுக்குமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஏன் என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பணம் உன்னுடையது, உன் இஷ்டம் என்றார். பிறகு அண்ணியிடம் சொல்லிவிட்டாயா என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் எழுந்துபோய் நிரம்பின பாத்திரத்தை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்தார். அன்று நான் ஒரு பொட்டுகூடத் தூங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் வங்கியில் இருந்தோம். அண்ணி நல்ல உடுப்பு உடுத்தி, பட்டன் டப்பாவின் மூடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ராசியான மூடியாம். நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போட நான் வர வேண்டாமா என்று சிரித்துக்கொண்டே கூட வந்தார். அதற்குள் கணக்கர் அவர் எண்ணைத்தான் முதலில் கூப்பிட்டார். என்னுடையது அடுத்தது. நான் இரவெல்லாம் போட்ட திட்டம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

கணக்கர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தொகையைச் சீட்டில் எழுதி, வாய்விட்டும் படித்தார். இரண்டு லட்சத்து இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது.

அண்ணி முதலில் என்னைப் பார்த்தார். பயம் எதுவும் இல்லாத பார்வை. இந்த ஆள் என்ன உளறுகிறார் பார் என்கிற மாதிரி. பிறகு பையிலிருந்து மூடியை எடுத்துக் கண்ணாடித் தடுப்பில் சாத்திவைத்தார். இன்னொரு தடவை பாருங்கள், ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேல் குறைகிறது என்றார். கணக்கர் பொறுமையாகத் திரும்பவும் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் வரும் என்றார். அண்ணி அதிர்ந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். ஒண்டிக்கட்டை, படிக்காதவள் என்றால் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், இவர்கள் இப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் ஒத்து ஊதினார். மேலாளரின் அறைக் கதவு திறந்தது.

என் நாக்கில் ஒரு பொய் தயாராக நின்றது. ஏதோ வரி பிடித்திருக்கிறார்கள், பிறகு பேசி வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு என்னிடம் இருப்பதைச் சேர்த்துக் கட்டுவோம் என்று சொன்னால் போதும். அண்ணி நம்புவார். நான் சொன்ன எதைத்தான் நம்பவில்லை?

அப்போது அண்ணி மேலாளரைப் பார்த்து, என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "உங்க மிஷின் தப்பு பண்ணும். இவ தப்பு பண்ண மாட்டா. அஞ்சு வருஷமா இவ கணக்கை நம்பித்தான் நான் உயிரோட இருக்கேன்."

கணக்கரின் முகம் சிவந்துபோயிருந்தது. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஊர் பார்க்கத் திருட்டுப்பட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் இருந்த அண்ணியின் கை சூடாக இருந்தது.

"அண்ணி, அவர் சொல்றதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. மூடியைக் கையில் எடுத்து, கடைசித் தவணைக்கும் முதல் தவணை மாதிரியே வட்டி போட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். யானைக்கும் அடி சறுக்கும் அம்மா என்று கணக்கர்தான் மெல்லச் சொன்னார். நல்ல மனிதர். நான் யானை இல்லையே, புலியல்லவா, புல்லைத் தின்றுவிட்டு நிற்கிறேன்.

அண்ணி கணக்கரைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து காலையில."

"கத்தரிக்கோல் தந்தேனே, அப்போ?"

"தெரியும், அண்ணி."

அவர் திட்டுவார், அழுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். கணக்கில் தப்பு வந்ததைத் தாங்கிக்கொண்டுவிட்டார் என்று தெரிந்தது. தாங்க முடியாதது மற்றது. அழுகை எனக்குத்தான் வந்தது.

அதற்குள் கணக்கர் என் எண்ணைக் கூப்பிட்டார், போய் வாங்கிவந்த என் சீட்டை அண்ணியின் மடியில் வைத்தேன். இதிலிருந்து ஐம்பத்து இரண்டாயிரத்து முப்பத்தொன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மணி ஆகிறது, ஐந்துக்குள் கட்ட வேண்டும் என்றேன். உன் கூரை என்ன ஆகும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஆறு பாத்திரம் இருக்கிறது என்றேன். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வழியும் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கடனாத்தான் வாங்கிக்குவேன்" என்றார் கடைசியில். "மாசாமாசம் தருவேன், வட்டியோட. வட்டி எவ்வளவுன்னு நீ சொல்ல வேண்டாம். நான் இங்க வந்து அவர்கிட்டக் கேட்டுக்கறேன்."

சரி அண்ணி என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்று மணிக்குப் பழைய மிஷின்காரரின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மிஷினும் எண்ணெய் போட்டுத் துடைத்து வாசலருகே நின்றன. மிஷின்காரர் மேசைமேல் ஒப்பந்தக் காகிதத்தை விரித்துவைத்திருந்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். சம்பளமானாலும் தவணையானாலும் அண்ணி பணத்தை என் கையில் கொடுத்துத்தான் எண்ணச் சொல்வார். அன்றைக்குக் கொடுக்கவில்லை. என் கை நீண்டிருந்ததைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தானே கட்டைப் பிரித்தார். நான் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஆயிரம் ஆயிரமாக இருநூற்று எண்பது நோட்டு. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, மெதுவாக எண்ணினார். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை, மனதுக்குள் நானும் கூடவே எண்ணினேன். நூற்று முப்பத்தேழாவதில் இரண்டு நோட்டு ஒன்றாகப் போனது. புது நோட்டு, ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நேற்றைக்கு முன்தினமாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கடைசி நோட்டை வைத்தபோது அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணு குறையுது" என்றார். மிஷின்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காகிதத்தைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டார்.

நேற்று வாய் திறக்காமல் இருந்ததற்குப் பட்டது போதும் என்று தோன்றியது. நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

"குறையல, அண்ணி. நூத்தி முப்பத்தேழுல ரெண்டு நோட்டு ஒட்டிக்கிட்டுப் போச்சு. நான் பார்த்தேன்" என்றேன். "என்னை நம்ப வேண்டாம். நீங்களே இன்னொரு தடவை எண்ணுங்க."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். மிஷின்காரர் தொண்டையைக் கனைத்தார். அண்ணி நோட்டுகளையெல்லாம் சேர்த்துத் தட்டி, கட்டை இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார்.

"நீ எண்ணு. நானும் கூடவே எண்ணுவேன்" என்றார். "வாய்விட்டு எண்ணு."

எடுத்தேன். ஒன்று என்றேன். ஒன்று என்றார். இரண்டு என்றேன். இரண்டு என்றார்.